புள்ளி வைத்த காது

ஜெயிலை விட்டு வந்த பிறகு உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன பொருள் எது என்று அரியமுத்துவைக் கேட்டால், தாழ்ப்பாள் என்றுதான் சொல்வார். தங்கச்சி வீட்டில் அவருக்கென்று ஒதுக்கிக் கொடுத்த அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. விரல் நீளம்தான். பெயிண்ட் உரிந்து, தொட்டால் லொடலொடவென்று ஆடும். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒருநாளும் படுத்ததில்லை. ஆனால் அது உள்பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். இருபத்தைந்து வருஷம் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை மட்டுமே கேட்ட மனுஷனுக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். நமக்கு எங்கே புரியப்போகிறது.

தங்கச்சி சிந்தாமணியின் வீடு குரும்பலூரில் இருந்தது. அவள் புருஷன் செல்லமுத்து குட்டியானை வண்டி வைத்து பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் வெங்காய லோடு அடிக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம். அதில் சின்ன வெங்காயம் நடுவது, களை எடுப்பது, பிடுங்கியதைத் தாள் அரிந்து, மூங்கில் தட்டி கட்டிக் கீற்று வேய்ந்த பட்டறையில் காற்றாடக் கொட்டி வைப்பது எல்லாம் இந்த இரண்டு வருஷமாக அரியமுத்துவின் பொறுப்பு. ஐம்பத்து நாலு வயது. வலது முழங்கால் மட்டும் மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது. மற்றபடி ஆள் கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார்.

வெளியே வந்த புதிதில் சுற்றுவட்டார ஜனங்கள் அவரை வேடிக்கை பார்க்க வந்தார்கள். பேப்பரில் போட்டோ வந்த கொலைகாரன் என்றால் மீசையும் முறைப்புமாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நல்ல ஏமாற்றம். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வழிய ஒரு ஆள் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். 'வாங்க, உக்காருங்க, டீ சாப்புடுறீங்களா' என்று கேட்டார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

டீ என்றதும் நினைவு வருகிறது. டீக்கு சர்க்கரை வேணுமா வேண்டாமா என்று ஒருவர் தன்னைக் கேட்பதே அவருக்கு அலுக்காத ஆச்சரியம். ஒரு நாள் வேணும் என்பார், ஒரு நாள் வேண்டாம் என்பார். நாக்குக்காக அல்ல, சொல்ல முடிகிறதே என்பதற்காக. சாயங்காலம் ஆறு மணி ஆனால் மட்டும் கால் தானாக வீட்டுக்குள் வந்துவிடும். ஜெயிலில் தலை எண்ண வரிசையில் நிற்பவர் மாதிரி கதவோரம் ஒரு நிமிஷம் நிற்பார். "மச்சான், எண்ணியாச்சு! ஒரே ஆளுதான், கணக்கு சரியா இருக்கு, உக்காருங்க!" என்று செல்லமுத்து உள்ளேயிருந்து கத்துவார். அரியமுத்துவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

என்ன கேஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடி மறைக்க அதில் ஒன்றும் இல்லை, மாவட்டத்துக்கே தெரிந்த சங்கதி. தொண்ணூற்று எட்டாம் வருஷம் தை மாதம், கட்சியின் மாவட்டச் செயலாளர் கொளஞ்சிநாதன் குரும்பலூர் ஏரிக்கரை வளைவில் காரை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியது சொந்தக் கட்சியிலேயே எதிர்க்கோஷ்டிக்காரனான ஜெயப்பிரகாஷும் அவன் கூட்டாளி ஒருவனும். வருகிற நேரத்தையும் வழியையும் சொல்லிக் கொடுத்த சதிகாரன் என்று மூன்றாவது ஆளாக அரியமுத்து. மூவருக்கும் தூக்கு என்று தீர்ப்பாகி, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மற்ற இருவரும் உள்ளேயே செத்துப்போனார்கள். அரியமுத்து மட்டும் மிஞ்சினார்.

அவரை விடக் கூடாது என்று ஒவ்வொரு மனுவுக்கும் அரியலூரிலிருந்து ஆட்சேபணை எழுதிக்கொண்டே இருந்தவர் கொளஞ்சிநாதனின் மனைவி பொன்னுத்தாய். "அந்தம்மா எழுதுனது சரிதான்" என்று அரியமுத்து ஒரு தடவை சொல்லப்போய், சிந்தாமணி சோற்றுக் கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அண்ணன் ஒரு பாவமும் அறியாதவர். அந்த ஒரே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் திருச்சி, கடலூர், வேலூர் என்று ஒரு ஜெயில் விடாமல் பஸ் ஏறி அலைந்தாள். வக்கீல்கள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, சிந்தாமணி மாறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கொளஞ்சிநாதன் அன்றைக்கு குரும்பலூருக்கு வந்தது கட்சி வேலையாக அல்ல. சிந்தாமணியின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. பதினோரு மாசக் குழந்தை. தமிழ்மொழி என்று பெயர் வைத்தது தாய்மாமன் அரியமுத்துதான். கட்சிக்காரன் வேறு எப்படிப் பெயர் வைப்பான். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டு விசேஷத்துக்குத் தலைவர் ஒருவர் வந்து தலையைக் காட்டிவிட்டால் அந்தக் குடும்பம் பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டு திரியும். அப்பன் காலம்வரை அடுத்தவன் வயலில் நாற்று முடி தூக்கிப் போட்ட குடும்பம், மாவட்டச் செயலாளர் தன் வீட்டுப் பந்தலுக்கு வருகிறார் என்றதும் அரியமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு அவர் மடியில்தான் குழந்தை உட்கார்ந்திருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த முடியும். வேம்பு ஆசாரி குழந்தையின் இரண்டு காதிலும் சந்தனத்தால் புள்ளி வைத்தார். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி, "வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா? குத்தலாமா?" என்று கேட்டார்.

"பொறுங்க ஆசாரி, தலைவரு வரணும்" என்றார் அரியமுத்து.

பொறுத்தார்கள். பத்தரை என்றது பதினொன்று ஆயிற்று. குழந்தை மடியிலேயே தூங்கிப்போயிற்று. பதினொன்றே காலுக்குச் சைக்கிளில் ஒரு ஆள் கூவிக்கொண்டு வந்தான். பந்தலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மத்தியானத்துக்குள் போலீஸ் வந்து அரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. குழந்தை மடியிலிருந்து இறங்கியது இறங்கியதுதான். புள்ளி வைத்த காது குத்தாமலே நின்றது.

சிந்தாமணி சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியில் போய் நின்று, "என் அண்ணன் வந்து மடியில வச்சாத்தான் இதுக்குக் காது குத்துவேன் தாயி, அதுவரைக்கும் குத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான், அம்மன் மறந்தாலும் சிந்தாமணி மறக்கிற ஜாதி இல்லை. பங்காளிகள் வந்து வேறொரு மாமன் முறைக்காரன் மடியில் வைக்கலாமே என்றார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அப்படியாகத் தமிழ்மொழி மூளிக்காதோடு வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் மூளி என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள்கூட, 'ஏம்மா, காதுல ஒண்ணுமில்ல?' என்று கேட்டார்கள். பத்தாவது படிக்கும்போது அமுக்குத் தோடு வாங்கி மாட்டிப் பார்த்தாள். காது வலித்ததால் கழற்றி எறிந்தாள். பன்னிரண்டு வயதுவரை அம்மாவோடு ஜெயிலுக்கு வந்துகொண்டிருந்தவள், அதற்குப் பிறகு வரவில்லை. ஏன் என்று அரியமுத்து கேட்டதில்லை. நன்றாகப் படித்தாள். இப்போது அரியலூர் பக்கம் சர்வேயராக இருக்கிறாள். பட்டாவும் வரைபடமும் கையுமாக வெயிலில் நின்று, பங்காளிகள் மண்வெட்டியோடு இரண்டு பக்கமும் நிற்க, 'கல்லு இங்கதான் வருது, சண்டை போடுறதா இருந்தா அளந்து முடிச்சப்புறம் போடுங்க' என்று சொல்கிற வேலை. அவளுக்கு அந்த வேலை பொருந்தியிருந்தது.

மாமன் வெளியே வந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்த மறுவாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். போனில் மெசேஜ் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். மாமா, மாமா என்று மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் இரண்டு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காது குத்துவதைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. சிந்தாமணி இரண்டு தடவை நாள் குறித்தாள். இரண்டு தடவையும் மொழிக்கு லீவு கிடைக்கவில்லை. கவர்மெண்டில் லீவு கிடைக்காத நாள் என்று ஒன்று உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அரியமுத்து அவளை நெருக்கவில்லை. தன் அறையில் மாடத்தில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். விடுதலையான அன்று ஜெயில் ஆபீசில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்த பை. பிடிபட்ட அன்று சட்டைப்பையில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. ஓடாத கைக்கடிகாரம், சீப்பு, அப்புறம் வேப்பம்பூ அளவில் ஒரு ஜோடி கம்மல். தாய்மாமன் சீராக அவர் வாங்கியது. ஜெயில்காரர்கள் சீட்டில், 'மஞ்சள் நிற உலோகக் கம்மல், சிறியது, ஜோடி ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டை அவர் அடிக்கடி எடுத்துப் படித்துச் சிரிப்பார். உள்ளே இருந்த காலத்தில் விடுதலை வேண்டும் என்று ஆசைப்பட்டதைவிட, இந்தக் கம்மல் அந்தக் காதில் ஏற வேண்டும், அது தன் மடியில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் அதிகம். வேறு எதையும் யாரிடமும் கேட்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவர் நினைக்கவில்லை. இந்த ஒன்றையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இந்த வருஷம் மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கங்கைகொண்ட சோழபுரம், பெயர் பிரேம்குமார், முந்திரித் தோப்புக்காரக் குடும்பம். ஆவணியில் முகூர்த்தம். எல்லாம் பேசி முடித்து எழும்போது மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"தாலி ஏறையில பொண்ணு காது மூளியா இருக்கக் கூடாதுங்க. அதுக்குள்ளாற குத்தி ஆற வச்சுப்புடுங்க. வேற ஒண்ணும் இல்ல."

சிந்தாமணிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதால் வெள்ளி. வேம்பு ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினாள்.

"பெரம்பலூர் பார்லர்ல ரெண்டு நிமிஷ வேலைம்மா இது" என்றாள் மொழி.

"அடிப் பாவி, பார்லர்காரிய மாமன்னு கூப்புடுவியா? என் அண்ணன் மடிதான். அதுக்குத்தான் நான் உசுரோட இருக்கேன்."

மொழி கதவோரம் நின்றிருந்த அரியமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள். நிலம் அளக்கப் போகிற இடத்தில் பழைய கல்லைப் பார்க்கிற பார்வை அது. இது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறதா, யாராவது பிடுங்கி நட்டதா என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பட்டறை நிழலில் உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தபோது மொழி வந்தாள். இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அரிந்தார்கள். அவளுக்கு வேகம் இல்லை, ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரே அளவில் விழுந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"அம்மா சொல்றது வேணாம். கோர்ட்ல நீங்க சொன்னதும் வேணாம், தீர்ப்ப முழுசா படிச்சுட்டேன். தலைவர வெட்டப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க. மடியில உக்கார்றதா வேணாமான்னு அப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன்."

அரியமுத்துவின் கை நின்றது. அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இருபத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன பதில். 'எனக்கு ஒண்ணும் தெரியாது.' போலீசிடம் சொன்னார், ஜட்ஜிடம் சொன்னார், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுத தங்கச்சியிடம் சொன்னார். இப்போதும் அதையே சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை அவள் வந்துவிடுவாள், கம்மல் ஏறிவிடும். மூணு வார்த்தைதான். வாயைத் திறந்தார். அந்த மூணு வார்த்தை வரவில்லை. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டுவாங்கன்னு தெரியாது. ஏதோ செய்வாங்கன்னு தெரியும்."

மொழி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப் டீக்கடையில ஜெயப்பிரகாசு கேட்டான், தலைவரு எத்தனை மணிக்கு வர்றாரு, எந்த வழின்னு. நான் பெருமையா சொன்னேன். பத்தரைக்கு, ஏரிக்கரை வழி, வூட்டு விசேஷம்கறதால கூட ஆளு கூட்டிட்டு வரலைன்னு. எங்க வூட்டுக்கு வர்றாருல்ல, அந்தப் பெருமை. அவன் கிளம்பையில வண்டியில துண்டு சுத்தி ஒண்ணு செருகியிருந்துச்சு. அது என்னான்னு எனக்குத் தெரியும். அருவா. காரு கண்ணாடிய ஒடைப்பானுங்க, கூச்சல் போடுவானுங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கிட்டேன்னு சொல்லணும்."

"ஏன் தடுக்கல?"

"எதிர்ல எஸ்.டி.டி. பூத்து இருந்துச்சு. தலைவரு வூட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல." அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மாசம் கிளைச் செயலாளர் பதவி எனக்கு வர வேண்டியது. அவரு வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. மேலுக்குச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். உள்ள ஒரு கடுப்பு. கொஞ்சம் படட்டும்னு நெனச்சேன் தாயி. கண்ணாடி ஒடைஞ்ச காரோட நம்ம பந்தலுக்கு வந்து எறங்கட்டும்னு. அதுக்குத்தான் ஒரு மனுசன் செத்தாரு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒங்கம்மாகிட்டயும்."

காக்கை ஒன்று பட்டறைக் கீற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. மொழி அதை விரட்டவில்லை.

"டீக்கடையிலேருந்து பூத்து எவ்வளவு தூரம்?"

இப்படி ஒரு கேள்வியை எந்த வக்கீலும் கேட்டதில்லை. "இருவது அடி இருக்கும்" என்றார்.

அவள் எழுந்து, மடியில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு, வீட்டுக்குள் போனாள். அன்று மத்தியானமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரியலூருக்குக் கிளம்பிவிட்டாள். வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அரியமுத்து அறைக்குள் போய், முதல் தடவையாகத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தார். போச்சு என்று நினைத்தார். இத்தனை வருஷம் ஆசைப்பட்டதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று. துக்கம் இருந்தது, அது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. சிந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டுக் கதவைத் தட்டியபோது, 'என்னாண்ணே தாப்பா போட்டிருக்க?' என்று கேட்டாள். "போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

விசேஷத்துக்கு இருந்த பன்னிரண்டு நாளும் மொழி வீட்டுப்பக்கம் வரவில்லை. போனில் அம்மாவிடம், 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்று பேசினாள். சிந்தாமணிக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு முறுக்குச் சுட்டாள், பொங்கல் வைக்கப் பானை வாங்கினாள், இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் காதுகுத்து என்று ஊரெல்லாம் வாய்கூசாமல் அழைத்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அரியமுத்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, தங்கச்சி முகத்தில் வெள்ளிக்கிழமை என்ன விழப்போகிறதோ என்று பயந்துகொண்டு, பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தார். நடுவில் ஒருநாள் சிந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அடுப்படிவரை போனார். அவள் திரும்பிப் பார்த்து, "என்னாண்ணே, டீ வேணுமா? சர்க்கரை போடவா?" என்று கேட்டாள். போடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் நல்ல கூட்டம். செல்லமுத்துவின் குட்டியானையில் சாமானும் சனமும் வந்து இறங்கின. கோயிலுக்கு வெளியே மரத்தடியில் இடம் பிடித்துப் பாய் விரித்தார்கள். பொங்கல் பொங்கியது. வேம்பு ஆசாரி டி.வி.எஸ். வண்டியில் வந்து சேர்ந்தார். பை பழைய பைதான், பல்வரிசை மட்டும் புதிது.

"எங்கய்யா குழந்தை?" என்று நாலா பக்கமும் பார்த்தார் ஆசாரி. "புள்ளி வச்சு இருவத்தேழு வருசம் ஆச்சு. இவ்வளவு நேரம் காக்க வச்ச வூடு இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அரியமுத்துவும் சிரித்தார். அவர் கை சட்டைப்பையில் இருந்த கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. சிந்தாமணி போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தரை தாண்டியதும் அரியமுத்துவுக்குப் பந்தலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு நாள் ஞாபகம் வந்தது. வராமல் போனவரை அன்று எத்தனை பேர் எங்கெல்லாம் இப்படி எதிர்பார்த்திருப்பார்கள், அரியலூரில் அந்தம்மா பொன்னுத்தாய் மத்தியானச் சோற்றை ஆக்கி வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது, மொழி வராவிட்டாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

அப்போது ஸ்கூட்டி வந்து நின்றது. மொழி பட்டுப்புடவையில் இருந்தாள், காலில் மட்டும் வயலுக்குப் போடுகிற ஷூ. புழுதி. சிந்தாமணி ஆரம்பிப்பதற்கு முன்பே, "இரும்மா" என்று கையைக் காட்டிவிட்டு நேராக மாமனிடம் வந்தாள். அவரைக் கொஞ்சம் தள்ளி மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"நம்மூரு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டு வர்றேன். அந்த டீக்கடை இப்ப செல்போன் கடை. பூத்து இருந்த எடத்துல மெடிக்கல் ஷாப்பு. பழைய ஆளுங்க ரெண்டு பேர கேட்டு எடத்த உறுதி பண்ணி, டேப்பு போட்டு அளந்தேன்."

அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாப்பத்தி மூணு அடி மாமா. இருவது இல்ல." என்றாள். "நீங்க சொன்னத விட தூரம்தான். ஆனா நடந்து போயிருக்கக் கூடிய தூரம்."

"ஆமா தாயி."

"அத மறக்கக் கூடாது. நீங்களும், நானும்."

"மறக்க மாட்டேன்."

"பார்லருக்கு நான் மூணு தடவ போயிருக்கேன், தெரியுமா?" என்றாள். குரல் இப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "காலேஜ் படிக்கையில ஒண்ணு, வேலை கெடச்சப்ப ஒண்ணு, நீங்க வர்றதுக்கு முந்தின வருசம் ஒண்ணு. மூணு தடவையும் நாற்காலி வரைக்கும் போயி எந்திரிச்சு வந்துட்டேன். அம்மாவுக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மாவுக்காக மட்டும் இல்ல. வாங்க, ஆசாரி கத்துறாரு."

எப்படி உட்காருவது என்பதில் கொஞ்ச நேரம் அமளி. மடியில்தான் என்றாள் சிந்தாமணி. "இந்த முழங்காலு தாங்குமா, அப்புறம் மச்சானயும் குட்டியானையிலதான் ஏத்தணும்" என்றார் செல்லமுத்து. கடைசியில் ஆசாரியே வழி சொன்னார். அரியமுத்து ஒரு மனைப்பலகையில் உட்கார்ந்தார். மொழி பாயில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவர் மடியில் வைத்துக்கொண்டாள். மாமன் மடி என்றால் மடி, தலை பட்டாலும் கணக்குத்தான் என்று ஆசாரி தீர்ப்புச் சொன்னார். சிந்தாமணியும் ஒத்துக்கொண்டாள்.

அரியமுத்து கம்மலை எடுத்துத் தட்டில் வைத்தார். வேப்பம்பூ மாதிரி அந்தத் தட்டில் இரண்டு மினுக்கம். மொழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "இவ்வளவு சின்னதா?" என்றாள். "அப்ப நீ இவ்வளவு சின்னது" என்றார் அவர். ஆசாரி சந்தனத்தைத் தொட்டு, பழைய இடத்தில் மறுபடியும் புள்ளி வைத்தார். ஊசியை எடுத்தார். ஆயிரம் வீட்டில் கேட்டுப் பழகிய வாய், யோசிக்காமல் கேட்டுவிட்டது.

"வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா? குத்தலாமா?"

கேட்ட பிறகுதான் ஆசாரிக்கே உறைத்தது. செல்லமுத்து தரையைப் பார்த்தார். சிந்தாமணி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அரியமுத்துவின் கண் தன்னை அறியாமல் ரோட்டுப் பக்கம் போயிற்று. பதில் சொல்ல வேண்டியது தாய்மாமன்தான். 

மடியில் சாய்ந்திருந்த மொழி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"ஒருத்தரு வர முடியாது. மத்தவங்க எல்லாரும் வந்தாச்சு. குத்துங்க."

ஆசாரி குத்தினார். ஒரு காது, பிறகு தலையைத் திருப்பி இன்னொரு காது. மொழி பல்லைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. அவள் தலையைப் பிடித்திருந்த மாமன்தான் பதினோரு மாசக் குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதார்.